மெயின்ஷீட் கயிறும் பூம் சாமான்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊரில், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் சின்னப் பாய்ப்படகுகளுக்குச் சாமான் பூட்டிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. சென்னையிலிருந்து டிங்கி என்ற சின்னப் பாய்ப்படகு ஒன்றைப் பழசாக வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கியவர்கள் ஒரு வகை. அப்பாவின் வத்தையில் (நம் பக்கத்து நாட்டுப் பாய்ப்படகு) பாய் பிடித்துப் பழகிவிட்டு, இப்போது பூம் (பாயின் கீழ் ஓரக் கட்டை) வைத்த படகைத் தொடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் ஆளுக்குச் சாமான் பெயர் தெரியும், காற்று தெரியாது. அடுத்த ஆளுக்குக் காற்று தெரியும், சாமான் பெயர் தெரியாது. கேட்கிற சந்தேகம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே பதிலைப் போனில் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

இங்கே சொல்வதெல்லாம் 12 முதல் 16 அடி வரை நீளமுள்ள, ஒற்றைப் பாய்மரமும் முக்கோணப் பெரிய பாயும் உள்ள படகுக்கு. அதைவிடப் பெரிய படகுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

1. மெயின்ஷீட்டுன்னா பெரிய பாய்த்துணிதானே? கடையில கயிறைக் காட்டுறாங்க?

கடைக்காரர் சரியாகத்தான் காட்டியிருக்கிறார். ஷீட் என்றால் துணி இல்லை, கயிறு. பெரிய பாயை இழுக்கவும் விடவும் பயன்படும் கயிறுதான் மெயின்ஷீட். நம் பக்கத்துப் பாய்க்காரர்கள் தாமான் என்று சொல்வது இதே வேலையைச் செய்யும் கயிறைத்தான். இழுத்தால் பாய் படகின் நடுவுக்கு வரும், விட்டால் வெளியே போகும். பாயை மேலே ஏற்றும் கயிறு வேறு. அது ஆஞ்சான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. தம்பி, எங்க வத்தையில பூமே கெடையாது. தாத்தா காலத்துல இருந்து ஓடுது. இதுல மட்டும் எதுக்கு அந்தக் கட்டை?

வத்தையில் பருமல் என்ற நீளக் கம்பு மரத்தின் மேலே சாய்ந்து நிற்கும், பாய் அதில் தொங்கும், கீழ் ஓரம் சும்மா கிடக்கும். தாமானைப் பிடிக்க ஒருவர், பலகையில் ஏறிப் படகைச் சமன் செய்ய இரண்டு பேர், சுக்கானுக்கு ஒருவர் என்று ஆள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாயின் மூலையை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பது கை அறிந்த விஷயம்.

பூம் என்பது பாயின் கீழ் ஓரத்தை விரித்துப் பிடிக்கும் கட்டை. ஒரு முனை பாய்மரத்தில் கீல் போல மாட்டியிருக்கும். அதனால் பாயின் மூலை எங்கே போகும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிடுகிறது. ஒரே ஆள் ஒரு கையில் சுக்கான், மறு கையில் கயிறு என்று ஓட்டிவிடலாம். பின்காற்றில் பாய் சுருண்டு விழாது. பதிலுக்குக் கொடுக்கும் விலை என்ன என்றால், தலை உயரத்தில் ஒரு கட்டை இங்கும் அங்கும் போய் வரும். எது மேல், எது கீழ் என்று நான் சொல்ல மாட்டேன். தொண்டிப் பக்கம் போட்டியில் ஓடும் வத்தைகளைப் பார்த்தவர் யாரும் பூம் இல்லாத பாயை மட்டமாகப் பேச மாட்டார்.

3. பூமுக்கு என்னென்ன சாமான் வேணும்? லிஸ்ட் குடுத்தா மதுரையில வாங்கிட்டு வந்துடுவேன்.

முன்முனையில் பாய்மரத்தோடு சேர்க்கும் கூஸ்நெக். பின்முனையில் பாயின் மூலையை இழுத்துக் கட்டும் அவுட்ஹால் கயிறு, அந்தக் கயிறைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்னக் கிளீட். பூம் மேலே எழும்பாமல் பிடிக்க வேங் என்ற சின்னக் கப்பித் தொகுதி. சிலர் அதைக் கிக்கர் என்பார்கள். அப்புறம் மெயின்ஷீட்டுக்கான கப்பிகள், தரையில் ஒரு ராட்செட் கப்பி (ஒரு திசையில் மட்டும் சுற்றுவது), அதோடு கேம் கிளீட் (பல் வைத்த கிளீட்). அவ்வளவுதான்.

லிஸ்டை எடுத்துக்கொண்டு உடனே பஸ் ஏற வேண்டாம். கேள்வி 4, 5, 6 மூன்றையும் படித்துவிட்டுப் போங்கள். கப்பி எண்ணிக்கையும் கயிறின் நீளமும் அங்கேதான் முடிவாகும்.

4. கயிறைப் பூம் நடுவுல கட்டணுமா, கடைசியில கட்டணுமா? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரி. வேலை செய்யும் விதம்தான் வேறு. கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். பூம் முனையில் கட்டினால் குறைந்த பலத்தில் பாய் அடங்கும். நடுவில் கட்டினால் அதே பாய்க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவை வேண்டும். அந்த இழுவை முழுவதும் பூமின் நடு வயிற்றில் போய் உட்காரும். நடுவில் கட்டிய பூம் ஒடிந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒடியும்.

அப்படியானால் நடுவில் ஏன் கட்டுகிறார்கள்? கயிறு உங்கள் முன்னால் தரையிலிருந்து வரும். முகம் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கலாம். திரும்பும்போது கயிறு சுக்கானிலோ பின்பலகையிலோ மாட்டாது. முனையில் கட்டினால் பூம் பக்கம் மாறும் நொடியில் கயிறு தொய்ந்து, பின்னால் என்ன நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் மாட்டும். இங்கே பாதிப் படகுகளின் பின்பலகையில் சின்ன மோட்டார் தொங்குகிறதே, அதன் தலைதான் கயிறுக்குப் பிடித்த இடம்.

என் கணக்கு இது. தனியாக ஓட்டுகிறவர், மோட்டாரும் வைத்திருக்கிறவர் என்றால் நடுவில் கட்டுங்கள். பூம் மெலிதாகவோ மரக்கம்பாகவோ இருந்தால் முனையில் கட்டுங்கள்.

5. நாலு மடங்கு கப்பி போட்டா லேசா இருக்கும்னாங்க. ஆறு மடங்கு போட்டா இன்னும் லேசுதானே அண்ணே?

இழுக்க லேசு. விடும்போது தெரியும் சேதி.

முதலில் மடங்கை எண்ணும் முறை. பூமில் இருக்கும் கப்பிகளிலிருந்து எத்தனை கயிறு கீழே இறங்குகிறது என்று எண்ணுங்கள். கப்பியின் கண்ணில் கட்டிய கயிறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு என்றால் இரண்டு மடங்கு, நான்கு என்றால் நான்கு. தரைக் கப்பியிலிருந்து உங்கள் கைக்கு வரும் கயிறு கணக்கில் சேராது. அது திசையை மட்டும் மாற்றுகிறது. இதை எண்ணத் தெரியாமல் மூன்று மடங்கை நான்கு என்று சொல்லி விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் எண்ணத் தெரியாது.

நான்கு மடங்கு என்றால் பூம் ஒரு அடி வர நான்கு அடி கயிறு இழுக்க வேண்டும். ஆறு என்றால் ஆறு அடி. ஒவ்வொரு உருளையிலும் கொஞ்சம் பலம் உரசலில் போகும், அதனால் ஆறு மடங்கு போட்டாலும் கைக்கு முழு ஆறு வராது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காற்று திடீரென்று அடிக்கும்போது கயிறை விட்டால் அத்தனை உருளையையும் தாண்டி அத்தனை கயிறும் ஓட வேண்டும். இளங்காற்றில் பாய்க்கு அதை இழுத்துக்கொண்டு போகும் பலமே இருக்காது, பூம் பாதியில் நின்றுவிடும்.

எந்தச் சாமானைப் பூட்டினாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கையை விட்டால் கயிறு ஓட வேண்டும். 6, 7 சதுர மீட்டர் பாய்க்கு, முனையில் கட்டினால் இரண்டு அல்லது மூன்று மடங்கு, நடுவில் கட்டினால் மூன்று அல்லது நான்கு மடங்கு போதும். அதிலும் கனமாக இருக்கிறது என்றால் கப்பியைக் கூட்டாதீர்கள், காற்றைப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் ஏறும் பாரம் நான்கு மடங்காகும். அன்றைக்குப் பாயைச் சுருக்க வேண்டும், அல்லது கரையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும்.

6. எத்தனை மீட்டர் கயிறு வாங்க?

பூமை முழுக்க வெளியே தள்ளி, அது பாய்மரத்தைப் பக்கத்தில் பிடித்திருக்கும் கம்பி வடத்தில் முட்டும் வரை கொண்டுபோங்கள். அந்த நிலையில் பூமில் உள்ள கப்பிக்கும் தரைக் கப்பிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதை மடங்கால் பெருக்கி, கையில் பிடிக்க 2 மீட்டர் கூட்டுங்கள்.

போன மாதம் பூட்டிய படகில் பூம் 2.4 மீட்டர், கயிறு நடுவில். வெளியே தள்ளியபோது தூரம் 1.9 மீட்டர் வந்தது. நான்கு மடங்குக்கு 7.6, அதோடு 2 சேர்த்து 9.6. பத்து மீட்டர் வாங்கினோம். பூமை நடுவில் வைத்து அளந்திருந்தால் பாதிதான் வந்திருக்கும். அப்படி அளந்து வாங்கியவர் பின்காற்றில் பாயை முழுக்கத் திறக்க முடியாமல் திண்டாடுவார்.

ரொம்ப நீளமாக வாங்குவதும் தொல்லை. மிச்சக் கயிறு காலடியில் கிடந்து, நீங்கள் எழும்பும்போது கணுக்காலைப் பிடிக்கும். வால் முனையில் ஒரு எட்டு முடிச்சு போட்டுவிடுங்கள், கப்பியை விட்டு உருவிக்கொண்டு போகாது.

7. வலைக்கடையில கிலோ கணக்குல நல்ல கயிறு கிடைக்குதே, அது ஆகாதா?

வலைக்கும் நங்கூரத்துக்கும் ஆகும், கைக்கு ஆகாது. அந்தப் பச்சை, நீலக் கயிறு பாலிபுரொப்பிலீன். தண்ணீரில் மிதக்கும், விலை குறைவு, அதெல்லாம் சரி. ஆனால் வழுக்கும், விறைப்பாக இருக்கும், கிளீட்டின் பல்லில் சரியாக உட்காராது. நம் ஊர் வெயிலில் கொஞ்ச காலம் கிடந்தால் மேல்நார் முள் முள்ளாக எழும்பி உள்ளங்கையைக் கீறும். நைலான் பலமானது, ஆனால் ரப்பர் மாதிரி இழுபடும். நங்கூரத்துக்கு அந்தக் குணம் நல்லது. மெயின்ஷீட்டில் காற்று ஏறும்போதெல்லாம் பாய் தானாக வெளியே போகும்.

பின்னல் போட்ட பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். பலத்துக்கு 6 மி.மீ. போதும், ஆனால் கை பிடிக்க 8 மி.மீ. வேண்டும். கப்பியின் உருளை அந்தத் தடிமனை ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள். நெருக்கிப் பிடிக்கும் கப்பியில் தடித்த கயிறு போட்டால் கேள்வி 5-இல் சொன்ன கதைதான், விட்டாலும் ஓடாது.

8. ராட்செட் கப்பி போட்டேன் காக்கா. இழுக்கும்போது இறுகுது, விடும்போது வழுவழுன்னு போகுது. சாமான் கோளாறா?

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி, அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சாமானில் கோளாறு இல்லை, கயிறைத் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள். ராட்செட் உருளை ஒரு திசையில்தான் சுற்றும். இழுக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வந்து சுற்ற வேண்டும். விடும்போது உருளை நின்றுகொண்டு கயிறை உரசிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் பாதிப் பாரம் கைக்கு வராமல் கப்பியிலேயே நிற்கிறது. கயிறை உருவி மறுபக்கமாகக் கோத்தால் முடிந்தது.

கயிறு உருளையைப் பாதிச் சுற்றாவது சுற்றிப் போக வேண்டும். லேசாகத் தொட்டுக்கொண்டு போனால் ராட்செட் பிடிக்காது. இளங்காற்று நாளில் பக்கத்தில் உள்ள சின்ன விசையைத் தட்டி ராட்செட்டை அணைத்து வையுங்கள்.

9. கிளீட்டுல மாட்டுன கயிறு அவசரத்துக்குக் கழல மாட்டேங்குது. என்ன செய்ய?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பேன் என்கிறவர் இதைப் படியுங்கள்.

கேம் கிளீட்டில் இரண்டு பல் உருளைகள் இருக்கும். கயிறைக் கீழே அழுத்தி இழுத்தால் கவ்வும், மேலே தூக்கி இழுத்தால் விடும். கரையில் நின்று சோதித்தால் எல்லாக் கிளீட்டும் அழகாகக் கழலும். படகில் நீங்கள் நிற்கப் போவதில்லை. காற்று அடிக்கும்போது விளிம்பில் உட்கார்ந்து முதுகை வெளியே சாய்த்திருப்பீர்கள், கை தாழ்ந்திருக்கும். அந்தக் கையிலிருந்து வரும் கயிறு கிளீட்டின் வாய்க்கு நேராகவே போகும். இழுக்க இழுக்க இன்னும் கவ்வும்.

எனக்கே நடந்தது. ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, என் கொட்டகைக்கு நேர் எதிரே. பனைகளுக்கு நடுவே புகுந்து வந்த காற்று ஒன்று பாயில் அறைந்தது. கயிறை உதறினேன், கழலவில்லை. இன்னொரு தடவை உதறுவதற்குள் தண்ணீர் விளிம்பைத் தாண்டி மடியில் ஏறிவிட்டது. படகு கவிழ்ந்து, ஆழமில்லாத இடம் என்பதால் பாய்மரத்தின் உச்சி சேற்றில் போய்க் குத்தி நின்றது. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பார்க்கிறேன், கயிறு அப்போதும் கிளீட்டில் பத்திரமாக இருக்கிறது, மேலே கடற்புல் சுற்றிக்கொண்டு. கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சிரித்த சிரிப்பு பாம்பன் வரை கேட்டிருக்கும்.

கொட்டகைக்கு வந்து செய்தது இவ்வளவுதான். கிளீட்டைத் தாங்கி நிற்கும் தகட்டை ஒரு துளை கீழே இறக்கிப் பூட்டினேன். வாய் தாழ்ந்ததும் கயிறு அதற்கு மேலாகப் போகிறது, சின்ன உதறலில் கழல்கிறது. உங்கள் படகைக் கரையில் மணலில் வைத்து, விளிம்பில் உட்கார்ந்து, முழுக்கச் சாய்ந்து, இன்னொருவரைப் பூமைப் பலமாக வெளியே தள்ளச் சொல்லிப் பத்துத் தடவை கழற்றிப் பாருங்கள். ஒரு தடவை தவறினாலும் கிளீட்டை இன்னும் இறக்குங்கள். இறக்க வழியில்லாத மாதிரி என்றால் கிளீட்டையே கழற்றி வீசிவிட்டு, ராட்செட்டும் கையுமாக ஓட்டுங்கள்.

10. கயிறைக் கட்டி வச்சுட்டு தூண்டில் போடலாமா? இல்ல, கையிலயாவது ஒரு சுத்து சுத்திக்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஏன் என்பதற்கு மேலே உள்ள கதை போதும். கையில் சுற்றிய கயிறு இழுபட்டால் முதலில் போவது விரல். கை வலித்தால் கையுறை போடுங்கள். தூண்டில் போட வேண்டுமென்றால் பாயை இறக்கிவிட்டு, நங்கூரம் போட்டுவிட்டுப் போடுங்கள்.

11. கயிறை விட்டதும் பூம் வெளிய போகாம மேல தூக்கிக்குது. பாய் முறுக்கிக்கிட்டு நிக்குது.

வேங் இல்லை, அல்லது தொளதொளவென்று இருக்கிறது. மெயின்ஷீட்டை இறுக்கி வைத்திருக்கும்போது அது பூமைக் கீழ்நோக்கியும் இழுக்கிறது. விட்டதும் கயிறு பக்கவாட்டில் சாய்ந்துவிடும், கீழே இழுக்க ஆள் இல்லை. அந்த வேலைக்குத்தான் வேங். பூமில், மரத்திலிருந்து பூம் நீளத்தில் கால்வாசி தள்ளி ஒரு முனை, மரத்தின் அடியில் மறுமுனை, நடுவில் ஏறக்குறைய 45 டிகிரிச் சாய்வு. 5 அல்லது 6 மி.மீ. கயிறில் மூன்று, நான்கு மடங்கு போதும்.

பின்காற்றில் வேங் இல்லாமல் ஓடினால் பாயின் மேல்பாதி மரத்தைத் தாண்டி முன்னால் போய்விடும். படகு இடமும் வலமுமாகத் தொட்டில் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் கூடிக்கொண்டே போனால் அடுத்தது குளியல்தான்.

12. ட்ராவலர் கட்டாயமா? விலையைக் கேட்டா தலை சுத்துது.

ட்ராவலர் என்பது கீழ்க் கப்பியை இடமும் வலமும் ஓடவிடும் தண்டவாளம். கட்டாயமில்லை. பின்பலகையின் இரண்டு மூலையிலும் ஒரு கயிறைக் கட்டி, நடுவில் ஒரு கண்ணி முடிச்சு போட்டு, அதில் கீழ்க் கப்பியை மாட்டுங்கள். சுக்கான் பிடி தடையில்லாமல் அடியில் போய் வரும் அளவுக்கு உயரம் வையுங்கள். பூம் நடுவுக்கு வரும், செலவு ஒரு கயிறு. கடலோரத்தில் உலா போய் வருகிறவருக்கு இது தாராளம்.

13. ஃபைபர் தரையில ஸ்க்ரூ போட்டு இறுக்கினா நிக்காதா? நல்லா கடினமாத்தானே இருக்கு?

நிற்கும், நல்ல காற்று ஒன்று வரும் வரை. ராட்செட் கப்பியின் அடித்தட்டில் வரும் இழுவை மேல்நோக்கியது. ஃபைபரில் மரை பிடிக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை பெரிதாகும், தண்ணீர் இறங்கும், ஒருநாள் தட்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஊடுருவிப் போகும் போல்ட்டும், அடியில் கடல் பிளைவுட் துண்டு அல்லது 3 மி.மீ. தகடும் வையுங்கள். அகல வாஷர், நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு. துளையைச் சுற்றிப் பசை பூசிவிட்டு முதலில் பாதி இறுக்குங்கள். பசை காய்ந்ததும் மீதியை இறுக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே முழுக்க இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி வந்துவிடும். உள்ளே கை போகாத படகு என்றால் ஒரு வட்ட மூடித் துளை வெட்டியாவது கையை விடுங்கள்.

14. எஸ்.எஸ்.னு சொல்லித்தான் வாங்கினேன். காந்தமும் ஒட்டல. ஆனா ஆறு மாசத்துல துரு.

எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்று ரகங்கள் உண்டு. காந்தம் ஒட்டாது என்பதை வைத்து 304-ஆ 316-ஆ என்று சொல்ல முடியாது. பொதுவாக இரண்டிலுமே ஒட்டாது. 316-இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்த்திருப்பார்கள். உப்பை அதுதான் தாங்குகிறது. ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கும் குழாய்க்கும் விற்பது பெரும்பாலும் 304 அல்லது அதற்கும் கீழே. ஷேக்கிளும் (கப்பியை மாட்டும் கொக்கி வளையம்) போல்ட்டும் 316 என்று கேட்டு, பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

மேலே டீக்கறை போலத் தெரிவது பயப்படும் துரு இல்லை, தேய்த்தால் போய்விடும். பயப்பட வேண்டியது தெரியாத இடத்தில் வரும் அரிப்பு. காற்றுப் படாமல் உப்புத் தண்ணீர் தேங்கும் இடுக்கில், போல்ட்டின் கழுத்தில், வாஷருக்கு அடியில் 316-கூடக் குழி விழும். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு போல்ட்டையாவது கழற்றிப் பாருங்கள்.

15. அலுமினியப் பூம்ல ரிவிட்டைச் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது.

பூம்தான் கரைந்து கொட்டுகிறது. அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அதில் தேய்வது அலுமினியம். எஸ்.எஸ். புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும், சுற்றியுள்ள துளை பெரிதாகிக்கொண்டே போகும்.

இரண்டுக்கும் நடுவில் தொடர்பை வெட்டுவதுதான் வைத்தியம். தட்டுக்கு அடியில் மெல்லிய நைலான் அல்லது ரப்பர் விரிப்பு, மரைக்கும் ரிவிட்டுக்கும் துத்தநாகக் குரோமேட் பசை. அது கிடைக்காவிட்டால் சிலிக்கான் பசையாவது தடவுங்கள். கூஸ்நெக், வேங் மாதிரி பாரம் தாங்கும் இடத்துக்கு மோனல் ரிவிட் கிடைத்தால் நல்லது. சாதாரண ரிவிட்டில் இன்னொரு தொல்லை உண்டு. அடித்து முடித்தபின் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆணித்துண்டு இரும்பு. அது பூமின் குழாய்க்குள் விழுந்து துருப்பிடித்து, படகு ஆடும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போடும். பூமைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டிக் கொட்டிவிடுங்கள்.

16. பூம் திடீர்னு அந்தப் பக்கம் பறந்து அடிக்குது. தலையைக் காப்பாத்திக்க என்ன வழி?

பின்காற்றில் ஓடும்போது காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்தால் பூம் முழு வேகத்தில் பக்கம் மாறும். நாமாகத் திரும்பும்போது கயிறை முதலில் சேர்த்து இழுத்துப் பூமை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அது தாண்டியதும் சரசரவென்று விடுங்கள். நான்கு மடங்கு உள்ளவர்களுக்கு இந்த நேரத்தில் இழுக்கும் கயிறு அதிகம். அவசரத்துக்குக் கப்பிகளுக்கு நடுவே உள்ள கயிறுகளை ஒரு பிடியாகச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் போடலாம். முனையில் கட்டியவர்கள் மோட்டார்த் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கேள்வி 4-இல் சொன்ன இடம் அதுதான்.

நேர் பின்காற்றில் ஓடவே வேண்டாம் என்பது என் பழக்கம். கொஞ்சம் சாய்த்து ஓட்டினால் தூரம் கூடும், தலை மிஞ்சும். குழந்தைகளை ஏற்றுகிறவர்கள் பூமின் பின்பாதியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் உறையை மாட்டிவிடுங்கள்.

17. புதுசா எல்லாம் பூட்டியாச்சு. எந்தக் கடல்ல வச்சு ஓட்டிப் பார்க்க?

கச்சானும் தெற்குக் காற்றான சோழகமும் வீசும் வைகாசி முதல் புரட்டாசி வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் தட்டையாக இருக்கும். வாடை பிறந்ததும், ஐப்பசி முதல் தை வரை, தலைகீழ். மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு ரோட்டைத் தாண்டினால் மறு கடல் என்பது ஒரு கொடுப்பினை.

தட்டையான கடலில் ஒரு மோசம் உண்டு. அங்கே காற்று கரையிலிருந்து வெளியே வீசுகிறது. ஷேக்கிள் ஒன்று தெறித்துக் கயிறு போனால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, நடுக்கடலுக்குத் தள்ளும். வடகடலில் அந்தத் திசையில் இலங்கைக் கடல் எல்லைக் கோடு இருக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் ஓட்டத்தில் துடுப்பு, நங்கூரம், மிதவைச் சட்டை மூன்றும் படகில் இருக்கட்டும். இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாமல் கரைக்கு இணையாக ஓட்டுங்கள். தென்கடல் பக்கம் தீவுகளை ஒட்டிப் போய்விடாதீர்கள், அது தேசியப் பூங்கா. அடியில் பவளப் பார் வேறு இருக்கிறது.

18. கப்பிக்குக் கிரீஸ் போடலாமா மாமா?

கிரீஸ் போட்டால் மணல் ஒட்டும், மணல் ஒட்டினால் உருளை அரையும். நல்ல தண்ணீர் ஒரு குடம் ஊற்றி, உருளையைக் கையால் சுற்றிவிடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடும். கேம் கிளீட்டின் பற்களுக்கும் ஒரு செம்பு. நல்ல தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில் கப்பிக்கு ஊற்றச் சொல்கிறானே என்று வீட்டில் திட்டுவார்கள். அரிசி களைந்த தண்ணீர் மட்டும் வேண்டாம், எறும்பு வரும். இதையும் ஒருவர் செய்தார்.

19. பூம் ஒடிஞ்சு போச்சு. அலுமினியக் குழாய் வர்ற வரைக்கும் சவுக்குக் கம்பு போடலாமா? மூங்கில்?

சவுக்கு தாராளமாகப் போடலாம். 55, 60 மி.மீ. தடிமனில் நேரான கம்பாகப் பார்த்து, பட்டை உரித்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். அலுமினியத்தைவிடக் கனம் கூடும், இளங்காற்றில் பூம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

மூங்கிலும் தாங்கும், ஆனால் துளை மட்டும் போடாதீர்கள். துளையிலிருந்து நெடுக்கப் பிளந்துகொண்டு போகும். கப்பியைக் கயிறு வளையத்தில் தொங்கவிடுங்கள். வளையம் நழுவாமல் இருக்கக் கணுவுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். நடுவில் இழுக்கிற அமைப்பு என்றால் ஒரே இடத்தில் தொங்கவிடாமல் ஓர் அடி இடைவெளியில் இரண்டு, மூன்று வளையமாகப் பாரத்தைப் பிரியுங்கள். இது அலுமினியப் பூமுக்கும் நல்லதுதான்.

20. அப்பாவோட பழைய வத்தையிலயே பூம் வச்சு, முக்கோணப் பாய் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் பூம் மட்டும் வைத்தால் வேலை முடியாது. வத்தையின் மரம் குட்டை, முன்னால் சாய்ந்து நிற்கும், உயரத்தைப் பருமல் கொடுக்கிறது. முக்கோணப் பாய்க்கு உயரமான மரம் வேண்டும். அந்த மரத்தைப் பிடிக்கப் பக்க வடங்கள், வடங்களைப் பிடிக்கப் படகின் ஓரத்தில் பலமான கண்கள். அப்புறம் காற்று பிடிக்கும் இடம் மாறுவதால் படகு தானாகக் காற்றுக்கு எதிரே திரும்பப் பார்க்கும், அல்லது விலகி ஓடப் பார்க்கும். அதற்கு மரத்தின் அடி எங்கே நிற்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்கும். பக்கவாட்டில் வழுக்காமல் இருக்கத் தண்ணீருக்குள் இறங்கும் பலகையும் தேவை.

எனவே முதலில் எதையும் துளைக்காதீர்கள். ஒரு சவுக்கு மரம், ஒரு சவுக்குப் பூம், பழைய தார்ப்பாயில் தைத்த பாய். எல்லாவற்றையும் கயிறாலேயே கட்டி, இரண்டு மடங்கு மெயின்ஷீட் போட்டு, கடல் தட்டையாக இருக்கும் காலையில் ஓட்டிப் பாருங்கள். மரத்தை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று நகர்த்திப் பாருங்கள். சுக்கானை விட்டாலும் படகு நேராகப் போகும் இடம் கிடைத்ததும் அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓடாவியை (படகு செய்யும் தச்சரை) கூப்பிடுங்கள். வரும்போது அப்பாவையும் கூட்டி வாருங்கள், தாமான் பிடித்த கை அவருடையது.